பட்டத்தின் பின் மருத்துவம்: இன்னொரு வாசல் பற்றிய ஓர் அறிமுகம்

நம் நாட்டில் ஒருவர் டொக்டராவாரா இல்லையா என்பது பெரும்பாலும் இருபது, இருபத்தொரு வயதுக்குள் முடிவாகிவிடுகிறது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களின் இசட் புள்ளியும் நாம் தோற்றிய மாவட்டமும் சேர்ந்து அந்த முடிவைச் சொல்கின்றன. பரீட்சைக்குத் தோற்ற மூன்று தடவைகள் உண்டு. அதன் பிறகு அரச மருத்துவ பீடங்களின் கதவு மூடிக்கொள்கிறது. வேறொரு பட்டம் பெற்றவர் திரும்பி வந்து அந்தக் கதவைத் தட்ட வழியில்லை.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற்ற பிறகே மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பது வழக்கம். அவுஸ்திரேலியா, ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து ஆகிய நாடுகளில் பாடசாலையிலிருந்து நேரே செல்லும் வாசலோடு, பட்டதாரிகளுக்கென இன்னொரு வாசலும் இருக்கிறது. உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவியாகிய நான் அந்த வாசலைப் பற்றித் தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே தொடங்கியது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பல மருத்துவக் கல்லூரிகள், பணம் கட்டக்கூடியவர்களை அதிகம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டன. பால்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியைத் திறக்கப் பணம் போதாமல் இருந்தபோது, மேரி எலிசபெத் கரெட் என்ற பெண்மணியும் அவருடைய தோழியரும் நிதி திரட்டிக் கொடுக்க முன்வந்தனர். ஆனால் நிபந்தனைகள் வைத்தனர். ஆண்களுக்கு உள்ள அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும். சேருபவர்கள் அனைவரும் ஏற்கனவே ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். கல்லூரி இரண்டையும் ஏற்றது. 1893 இல் திறக்கப்பட்ட அக்கல்லூரியின் முதல் வகுப்பில் 18 பேர் இருந்தனர். அவர்களில் மூவர் பெண்கள்.

1910 இல் ஏப்ரஹாம் பிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்வி பற்றி எழுதிய அறிக்கை ஜோன்ஸ் ஹொப்கின்ஸையே முன்மாதிரியாகக் காட்டியது. பிறகு அந்த முறை அந்நாட்டில் பரவியது. அவுஸ்திரேலியாவில் 1996 இல் பிளின்டர்ஸ் பல்கலைக்கழகமும், அதைத் தொடர்ந்து சிட்னி, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களும் பட்டதாரிகளுக்கான நான்கு வருடக் கற்கையைத் தொடங்கின. இங்கிலாந்தில் 2000 இலும் அயர்லாந்தில் 2006 இலும் இத்தகைய கற்கைகள் வந்தன. பட்டம் பெற்ற பின் மருத்துவம் என்ற வழியும், மருத்துவம் படிக்கப் பெண்ணுக்குள்ள உரிமையும் அக்கல்லூரியில் ஒரே கதவால் உள்ளே வந்தன என்பதை நம் கல்லூரி மாணவியர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பரீட்சை எப்படி இருக்கும்?

அவுஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும், ஐக்கிய இராச்சியத்தின் சில பல்கலைக்கழகங்களிலும் கேட்கப்படுவது காம்சாட் என்னும் பரீட்சை. பட்டப்படிப்பின் இறுதி இரு வருடங்களில் இருப்பவர்களும் பட்டம் பெற்றவர்களும் இதற்குத் தோற்றலாம். வருடத்தில் இரண்டு தடவைகள் நடைபெறும். அதில் மூன்று பகுதிகள் உண்டு.

முதலாம் பகுதி வாசித்து விளங்குதல். 62 பல்தேர்வு வினாக்கள், 100 நிமிடங்கள். உரைநடைப் பந்தி, கவிதை, கேலிச்சித்திரம், அட்டவணை ஆகியவற்றைத் தந்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் 65 நிமிடங்களில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒன்று சமூகம் சார்ந்தது, மற்றது மனித வாழ்வும் உறவுகளும் சார்ந்தது. மூன்றாம் பகுதி விஞ்ஞானம். 75 வினாக்கள், 150 நிமிடங்கள். உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் தலா 40 சதவீதம், பௌதிகவியலுக்கு 20 சதவீதம்.

இதைப் படித்தபோது நான் வியந்தது ஒரு விடயத்துக்குத்தான். டொக்டராக விரும்புபவரிடம் கவிதையை விளங்கச் சொல்கிறார்கள், கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் எம்கேட் பரீட்சையில் கட்டுரை இல்லாவிட்டாலும் வாசிப்புக்கு இடமுண்டு. அதன் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசிப்பு. 53 வினாக்களுக்கு 90 நிமிடங்கள். அதற்கு விஞ்ஞான அறிவே தேவையில்லை. 2015 முதல் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் ஒரு முழுப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி தன் வருத்தத்தைப் பாடப்புத்தகத்தின் வரிசையில் சொல்வதில்லை. ஒரு மூதாட்டி "நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது மகள்" என்று மட்டும் சொல்வார். அந்த "ஒரு மாதிரி"க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டறிவது ஒரு வகை வாசிப்புத்தான்.

மனனமா, சிந்தனையா?

மூன்றாம் பகுதியிலும் மனனம் செய்ததை ஒப்புவித்தால் போதாது. புதிய தகவலைத் தந்து அதிலிருந்து சிந்திக்கச் சொல்வார்கள். அந்த வகையை விளக்க நானே அமைத்த ஓர் உதாரணம்:

ஒரு மருந்தில் பாதி, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உடலிலிருந்து நீங்குகிறது. நோயாளிக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 400 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. உடலிலுள்ள மருந்தின் அளவு முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகுமா?

முதல் தடவை கொடுத்தவுடன் 400. ஆறு மணித்தியாலத்தின் பின் 200 மிஞ்சும். புதிய 400 சேர 600. அதில் பாதி 300, மேலும் 400 சேர 700. அடுத்து 750, பிறகு 775. கூடுகிறது, ஆனால் கூடும் அளவு ஒவ்வொரு தடவையும் பாதியாகிறது. அளவு 800 ஐ நெருங்கும்போது அதில் பாதியாகிய 400 நீங்குகிறது, கொடுப்பதும் 400. வரவும் செலவும் சமன். ஆகவே 800 ஐத் தாண்டாது.

இந்தக் கணக்குக்கு மருந்தின் பெயர் தேவையில்லை, சூத்திரமும் தேவையில்லை. ஆனால் கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மட்டும் பாடமாக்கிய ஒருவர் இங்கே தடுமாறுவார்.

விண்ணப்பிக்கும் படிகள்

பரீட்சைப் புள்ளி மட்டும் போதுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அயர்லாந்தில் தம் நாட்டு, ஐரோப்பிய ஒன்றிய விண்ணப்பதாரிகள் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலை பெற்றிருக்க வேண்டும். அதன்பின் காம்சாட் புள்ளி வரிசைதான் தீர்மானிக்கிறது. அவுஸ்திரேலியாவின் பல பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி, காம்சாட், நேர்முகப் பரீட்சை ஆகிய மூன்றும் பார்க்கப்படும். ஐக்கிய இராச்சியத்தில் ஒரு வருடத்தில் நான்கு மருத்துவக் கற்கைகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் யூகேட் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் ஒரு வினாவுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும்.

நேர்முகமும் நாம் நினைப்பது போன்றதல்ல. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. விண்ணப்பதாரி ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் வேறு வேறு பரீட்சகரைச் சந்திப்பார். ஓர் அறையில் துயரச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும், இன்னோர் அறையில் ஒரு நெறிமுறைச் சிக்கலுக்குக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஓர் அறையில் சறுக்கினாலும் அடுத்ததில் நிமிரலாம்.

பெற்றோர் கேட்கும் இரு கேள்விகள்

முதற்கேள்வி பணம். பிற நாட்டு மாணவர்கள் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அது மிகப் பெரிய தொகை. அங்கே பலர் கல்விக் கடனில் படிக்கிறார்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு அது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் வெளிநாட்டவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகளும் குறைவு. படித்துத் திரும்பினாலும் இலங்கை மருத்துவ சபை அப்பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்க வேண்டும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமையும் கேட்கப்படும். ஆகவே "உயர்தரத்தில் விட்டதை அங்கே பிடிக்கலாம்" என்று யாராவது முகவர் சொன்னால், பணம் கட்டுமுன் மருத்துவ சபையிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இரண்டாவது கேள்வி வயது. "பெண் பிள்ளைக்கு வயது போகிறதே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். இங்கே மருத்துவப் படிப்பு ஐந்து வருடங்கள். பட்டதாரி வழியில் மூன்று அல்லது நான்கு வருடப் பட்டமும் நான்கு வருட மருத்துவமும். வித்தியாசம் இரண்டு அல்லது மூன்று வருடங்கள். அந்த வருடங்களும் சும்மா போவதில்லை, கையில் ஒரு பட்டம் இருக்கிறது.

எங்கள் உறவில் ஒரு ராத்தா இருக்கிறார். இரண்டு தடவைகள் எழுதியும் மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானார். அன்று வீட்டுக்கு வந்தவர்கள் மௌத்தான வீட்டுக்கு வந்தவர்களைப் போல மெதுவாகப் பேசினார்கள். கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. பட்டதாரிகளை மருத்துவத்துக்குச் சேர்க்கும் நாடுகளில் அந்த விஞ்ஞானப் பட்டம் தோல்வியின் அடையாளமல்ல, முதலாவது படி. ராத்தா வெளிநாடு போகப் போவதில்லை, அவருக்கு ஆய்வுகூட வேலை பிடித்திருக்கிறது. அவருடைய படிப்பை அவருடைய படிப்பாகவே பார்க்க எனக்கு இந்தத் தேடல் உதவியது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் மிகச் சிலரே இந்த வழியில் போகக்கூடும். ஆனால் இந்தப் பரீட்சைகள் கேட்கும் திறமைகள் எல்லோருக்கும் தேவையானவை. டியூஷன் முடிந்து வந்தாலும் நாளுக்கு அரை மணித்தியாலம் பாடத்துக்கு வெளியே எதையாவது வாசியுங்கள். அதில் பாதி ஆங்கிலமாக இருக்கட்டும், ஏனெனில் இந்தப் பரீட்சைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலத்தில் ஒரு கட்டுரை எழுதி, தோழியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வினாவுக்கு விடை தெரிந்த பிறகும் "ஏன்?" என்று ஒரு தடவை கேளுங்கள். உயர்தரத்துக்கும் இவை உதவும். எந்தப் பீடம் கிடைத்தாலும் அங்கே முதல் வருடத்திலிருந்தே புள்ளிகளைக் கவனியுங்கள். பட்டத்தின் பின் தட்டும் எந்தக் கதவும் முதலில் கேட்பது அந்தப் பெறுபேற்றைத்தான்.