ஒரு செமஸ்டருக்கு எந்த ஊர்?

ஃபேஷன் டிசைன் பட்டப்படிப்பின் நடுவில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கலாம் என்று கல்லூரியில் அறிவிப்பு வந்ததும், மாணவரும் பெற்றோரும் முதலில் பார்ப்பது எந்தக் கல்லூரிக்குப் பெயர் பெரிது என்பதைத்தான். நாலைந்து மாதப் படிப்புக்கு அந்தக் கணக்கு உதவாது என்பது இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்ட பாடம். பட்டச் சான்றிதழில் நம் கல்லூரியின் பெயர்தான் இருக்கப்போகிறது. அங்கே படித்த பாடங்கள் மதிப்பெண் பட்டியலில் சில வரிகளோடு முடிந்துவிடும். வேலைக்கு எடுப்பவர் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிக்கொண்டே, "இந்தத் துணியை ஏன் எடுத்தாய், காலரை ஏன் இப்படி வெட்டினாய்" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் தெளிவு வகுப்பறையில் கொஞ்சம் கிடைக்கும். மிச்சத்தை அந்த ஊரின் தொழில்தான் தரும். ஆகவே கல்லூரிக்கு முன்னால் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன், நம் ஊர்த் தொழிலில் எந்தப் பாதி நம் கண்ணில் படவே இல்லை என்று யோசியுங்கள்.

பாதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் நூல் பனியன் துணியாகி, சாயம் ஏறி, கட்டிங் டேபிளுக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் போய், அயர்ன் செய்து பெட்டிக்குள் அடுக்கப்படுவது வரை எல்லாவற்றையும் ஒரு மாணவர் நேரில் பார்த்துவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலுக்கும் ஷூவுக்கும் அப்படியே. ஆனால் ஏற்றுமதி ஆர்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டிசைன் என்ன, நிறம் என்ன, என்ன ஜிஎஸ்எம் என்பதெல்லாம் வேறொரு நாட்டில் முடிவாகி, டெக் பேக்காக மெர்ச்சண்டைசரின் மெயிலுக்கு வருகிறது. டெக் பேக் வந்த பிறகு நடப்பது நம் மாணவர்களுக்கு அத்துப்படி. வருவதற்கு முன் அதை யார், எதைப் பார்த்து, எதைக் கழித்து முடிவு செய்தார்கள் என்பது மட்டும் மூடிய கதவு. வெளிநாட்டு செமஸ்டர் அந்தக் கதவைத் திறக்கத்தான் பயன்பட வேண்டும்.

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய ஃபேஷன் உலகச் சந்தைக்கு வந்த கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு டிசைனர் அல்ல. அமெரிக்க டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களுக்கு இத்தாலியச் சரக்கு வாங்கிக் கொடுத்துவந்த ஜோவான்னி பத்திஸ்தா ஜோர்ஜீனி என்ற பையிங் ஏஜெண்ட்தான் அவர். 1951 பிப்ரவரியில் ஃப்ளோரன்ஸில் தன் வீட்டிலேயே ஒரு ஷோ நடத்தி, அமெரிக்க பையர்களை அழைத்து வந்து உட்காரவைத்தார். அடுத்த ஆண்டு அது பிட்டி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்குப் போனது. அமெரிக்காவில் சினிமாக்காரர்களுக்குக் காலணி செய்து பெயர் வாங்கிய சால்வதோரே ஃபெர்ரகாமோ 1927-இல் இத்தாலி திரும்பியபோது, கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளிகளை நம்பித் தொழில் தொடங்கியது இதே ஊரில்தான். செய்கிற கையும் வாங்குகிறவரின் கண்ணும் ஒரே இடத்தில் சந்தித்ததால் வளர்ந்த ஊர் அது. 1972-இல் தொடங்கிய ஆண்கள் ஆடைக் கண்காட்சியான பிட்டி உவோமோ இன்றும் ஜனவரியிலும் ஜூனிலும் அங்கே நடக்கிறது. நூலுக்கென்றே பிட்டி ஃபிலாட்டி என்று தனிக் கண்காட்சி உண்டு. போலிமோடா போன்ற ஃபேஷன் கல்லூரிகள் இந்தச் சூழலுக்கு நடுவில்தான் இயங்குகின்றன.

ஃப்ளோரன்ஸிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பிராட்டோ வந்துவிடும். பழைய கம்பளித் துணியைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே நடக்கிறது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய ஸ்வெட்டர்களையும் கோட்டுகளையும் பிரிப்பவர், ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து இது முழுக் கம்பளி, இது கலப்பு என்று ஒதுக்குகிறார். பட்டன், லைனிங், தையல் எல்லாம் வெட்டி எடுக்கப்படுகின்றன. பிறகு நிறவாரியாகக் குவிக்கிறார்கள். நீலத்திலேயே பல நீலங்கள் தனித்தனிக் குவியலாகக் கிடக்கும். வேண்டிய குவியல்களை வேண்டிய அளவில் கலந்து பிய்த்தால், சாயத் தொட்டிக்கே போகாமல் நூலுக்கு நிறம் வந்துவிடுகிறது. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டும் நம் ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகத்தான் செய்கிறது; தொழில் நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே குவியலைப் பிரிக்கும்போதே அடுத்த சீசனின் நிற அட்டை மனதில் இருக்கிறது. கழிவு எங்கே டிசைனாக மாறுகிறது என்பதை அந்தக் குவியல்களுக்கு முன்னால் நின்று பார்த்தால்தான் புரியும்.

இதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வரைவதையும் மென்பொருளையும் அப்படிக் கற்கலாம், மறுக்கவில்லை. கோட்டின் உட்புறத்தை அப்படிக் கற்க முடியாது. நம் வெயிலுக்குக் கோட்டு அதிகம் தேவைப்படுவதில்லை. தைக்கும் இடங்களிலும் பெரும்பாலும் ஃபியூசிங் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். கையால் தைக்கும் கோட்டில் மேல்துணிக்குக் கீழே கேன்வாஸ் வைத்து, மடிப்பை விரலின் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே சாய்வாகச் சின்னச் சின்னத் தையல் போடுவார்கள். அந்த வளைவு தையலுக்குள் தங்கிவிடுவதால்தான் காலர் அயர்ன் இல்லாமலே தானாக உருண்டு நிற்கிறது. நூலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் திரை சொல்லித் தராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் உங்கள் கையைப் பிடித்துத்தான் சொல்லித் தர வேண்டும்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போனால் பொதுவாகக் கட்டணத்தை நம் கல்லூரிக்கே கட்டினால் போதும். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட், துணி வாங்கும் செலவு மட்டும் நம் பொறுப்பு. ஒப்பந்தம் இல்லாமல் தனியாகப் போனால் அந்த ஊர்க் கட்டணமும் தலையில் விழும். இரண்டாவது வழிக்குக் கடன் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. பகுதிநேர வேலையில் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இத்தாலியில் மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஸ்டூடியோ வகுப்புகளும் பேட்டர்ன் வேலையும் அந்த நேரத்தை விட்டுவைக்காது.

காகித வேலைகளில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாவது கிரெடிட். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டர் 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைக் கிளம்பும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழி உறுதி, பொறுப்பில் இருப்பவர் மாறினால் செல்லாது. இரண்டாவது விசா. 90 நாட்களுக்கு மேல் இத்தாலியில் தங்க நீண்டகால விசா தேவை. போய் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தபால் நிலையம் வழியாகக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டும்.

காஞ்சிபுரத்தையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் வைத்துக்கொண்டு இத்தாலிக்கு ஏன் போக வேண்டும் என்பது மூன்றாவது ஆட்சேபம். என் பதில் இதுதான்: அவற்றைத் தெரியாமல் போவதில் பயனே இல்லை. உடலும் பார்டரும் தனித்தனி ஊடையில் கோர்வையாக இணைவது எப்படி என்று அங்கே ஓர் ஆசிரியர் கேட்டால், தறியைப் பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும். போகும்போது சில மீட்டர் காடாத் துணியும் கைத்தறி, பனியன் துணிகளின் சாம்பிள்களும் எடுத்துச் செல்லுங்கள். டம்மியில் டிரேப் செய்து பார்க்கக் காடா உதவும். சாம்பிள்கள் பேச்சைத் தொடங்கி வைக்கும். அங்கே வாங்கும் ஒவ்வொரு துண்டுத் துணிக்கும் மில், எடை, மீட்டர் விலை, நூல் கவுண்ட் குறித்து வையுங்கள். நாம் பருத்திக்குச் சொல்லும் 40-ஆம் நம்பர் நூலை மெட்ரிக் கவுண்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 68. நம் எண்ணை 1.69-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் கண்காட்சியில் நூல்காரரிடம் பேச்சு இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டாது.

ஒரு செமஸ்டரில் எல்லாவற்றையும் கற்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்: பிய்த்த கம்பளியோ, கோட்டோ, தோல் பையோ. திரும்பி வந்ததும் இறுதியாண்டு புராஜெக்டை அதே விஷயத்தில் ஒரு உள்ளூர் யூனிட்டோடு சேர்ந்து செய்தால், இரண்டு பாதிகளும் ஒரே போர்ட்ஃபோலியோவில் வந்துவிடும். விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன், அந்த ஊரில் இருந்து நம் ஊரில் இல்லாத எதைக் கற்கப் போகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் தயங்காமல் போங்கள். முடியாவிட்டால், அதே மாதங்களைத் திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் இன்டர்ன்ஷிப்பாகச் செலவிடுங்கள். செலவும் குறைவு, கற்பதும் அதிகம்.