எண்ணெய்க் கறையா? பெட்ரோலைத் தொடாதீங்க!

சைக்கிள் செயின் உரசிய பேன்ட், பஜ்ஜி எண்ணெய் சிந்திய புடவை... பார்த்ததும் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்த் தண்ணீரில் நனைத்துக் கசக்குகிறோம். எண்ணெயும் தண்ணீரும்தான் ஒட்டாதே! கறை பரவுவதுதான் மிச்சம்.

முதலில் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். முகப் பவுடரையோ சோள மாவையோ கறைமேல் தாராளமாகத் தூவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை உறிஞ்சிவிடும். உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் துணியின் உட்பக்கம் மெதுவாகத் தேயுங்கள். 10 நிமிஷம் கழித்து, துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் அலசலாம். பட்டுப்புடவை என்றால் பவுடரோடு நிறுத்திக்கொண்டு டிரைகிளீனிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

செயின் கிரீஸ் அடம்பிடிக்கும். அதன்மேல் முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். 'எண்ணெய்க்கு எண்ணெயா?' என்று சிரிக்காதீங்க. இறுகிய கிரீஸை இளக்குவது எண்ணெய்தான். பிறகு அதே லிக்விட். கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி கூடாது, சூட்டில் நூலோடு இறுகிவிடும்.

சில வீடுகளில் பெட்ரோல் போட்டுத் துடைப்பார்கள். கறை போகும், மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தொட்டால், நெருப்பு உங்கள் கைவரை ஓடிவரும்! ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? நெருப்பு அண்டாத வெட்டவெளியில் துணியை ஆறவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடவே போடாதீங்க.