சாயம் ஒன்று, வகை பல
கிராம்-நெகட்டிவ் பாக்டீரியங்களும் அவற்றை ஆராயும் முறையும்

மூன்று கண்ணாடித் தகடுகள் நுண்ணோக்கியின்கீழ் வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. முதல் தகட்டில் இருப்பது மனிதக் குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் எஸ்கெரிக்கியா கோலை. இரண்டாவதில் இருப்பது டைபாய்டுக் காய்ச்சலை விளைவிக்கும் சால்மோனெல்லா. மூன்றாவதில் இருப்பது நிலக்கடலையின் வேர்முடிச்சிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியம். கிராம் முறைப்படி சாயமேற்றிய பின் மூன்று தகடுகளிலும் காணப்படுபவை இளஞ்சிவப்பு நிறக் கோல்களே. இவற்றை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம் என்பதையும், ஒரு சோதனையோடு நின்றுவிட்டால் நேரக்கூடிய பிழை யாது என்பதையும் இப்பாடம் விளக்குகின்றது.

சாயம் உணர்த்துவது யாது?

டென்மார்க்கு நாட்டு மருத்துவரான ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல் திசுக்களில் பாக்டீரியங்களைத் தெளிவாகக் காண விழைந்து, 1884ஆம் ஆண்டில் பெர்லினில் இம்முறையை வகுத்தார். இன்று வழங்கும் முறையில் நான்கு படிகள் உள்ளன. முதலில், சூட்டினால் தகட்டில் பதிக்கப்பட்ட மென்பூச்சின் மீது கிறிஸ்டல் வயலெட் என்னும் ஊதாச் சாயம் இடப்படுகிறது. அடுத்து அயோடின் கரைசல் இடப்பட, அது சாயத்துடன் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிறது. மூன்றாவதாக ஆல்கஹாலால் சில விநாடிகள் கழுவப்படுகிறது. இறுதியாக சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றப்படுகிறது. ஆல்கஹாலால் கழுவிய பின்னும் ஊதா நிறத்தைக் காத்துக்கொள்பவை கிராம்-பாசிட்டிவ். அதனை இழந்து சிவப்பை ஏற்பவை கிராம்-நெகட்டிவ்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உயிரணுவின் சுவரே. கிராம்-பாசிட்டிவ் வகையில் பெப்டிடோகிளைக்கன் என்னும் பொருளாலான தடித்த சுவர் ஊதாக் கூட்டுப்பொருளை வெளியேறாமல் தடுக்கிறது. கிராம்-நெகட்டிவ் வகையில் அச்சுவர் மிக மெல்லியது. அதற்குப் புறத்தே மற்றுமொரு சவ்வும் உண்டு. ஆல்கஹால் அப்புறச்சவ்வைச் சிதைக்க, சாயம் வெளியேறிவிடுகிறது.

இப்புறச்சவ்வு ஆய்வாளர் மிகவும் கருதத்தக்கது. பல மருந்துகள் உள்ளே புகாதவாறு இது தடுக்கிறது. குடல்வாழ் கோல்கள் பலவற்றின் மீது சாதாரணப் பெனிசிலின் பயன்தராமைக்கு இதுவும் ஒரு காரணம். இச்சவ்வின் வெளிப்புறத்தில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் அமைந்துள்ளது. அதன் கொழுப்புப் பகுதி இரத்தத்தில் கலப்பின் கடுங்காய்ச்சலையும் அதிர்ச்சியையும் விளைவிக்கும். புறத்தே நீண்டுள்ள சர்க்கரைத் தொடர் 'ஓ ஆன்டிஜென்' எனப்படும். ஒரே இனத்திற்குள்ளும் இத்தொடர் வேறுபடுவதுண்டு. இதன் முக்கியத்துவம் பின்னர்க் கூறப்படும்.

ஒரு குலத்தைச் சேர்ந்தவை அல்ல

கிராம்-நெகட்டிவ் என்பது சுவரின் தன்மையைக் குறிக்கும் சொல். அது குலத்தின் பெயர் அன்று. நெற்பயிரின் பாக்டீரிய இலைக்கருகலுக்குக் காரணமான சாந்தோமோனாஸ், மண்ணில் தனித்து வாழ்ந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும் அசட்டோபாக்டர், கொள்ளைநோயின் யெர்சினியா, காலராவின் விப்ரியோ ஆகியவை இவ்வகையின. வயல் நீரில் ஒளிச்சேர்க்கை செய்து வாழும் நீலப்பச்சைப்பாசியும் இத்தகைய சுவருடைய பாக்டீரியமே. 1970களில் கார்ல் வோஸ் முதலியோர் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிடும் முறையை வளர்த்தனர். அதன் பின்னர், ஒரே நிறம் ஏற்பவை பல தனிக் கிளைகளைச் சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று.

படிப்படியாக அறிதல்

எனவே சாயத்தை அடுத்து வளர்ப்பு முறை வேண்டப்படுகிறது. மெக்கான்கி அகாரில் உள்ள பித்த உப்புகள் கிராம்-பாசிட்டிவ் வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கின்றன. அதில் சேர்க்கப்பட்ட லாக்டோஸ் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் எஸ்கெரிக்கியா கோலை இளஞ்சிவப்புக் காலனிகளாக வளரும். சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமற்ற காலனிகளாகத் தோன்றும்.

அடுத்தது ஆக்சிடேஸ் சோதனை. வினைப்பொருளில் நனைத்த வடிதாளில் காலனியைத் தேய்க்கையில் சில விநாடிகளில் அடர் ஊதா நிறம் தோன்றின், அது விப்ரியோ, சூடோமோனாஸ் போன்றதாகலாம். தோன்றாவிடின் எஸ்கெரிக்கியா, சால்மோனெல்லா முதலிய குடல்வாழ் குடும்பத்ததாகலாம். இச்சோதனைக்குரிய காலனியைச் சாதாரண ஊட்ட அகாரிலிருந்தே எடுத்தல் வேண்டும். மெக்கான்கி அகாரிலிருந்து எடுப்பின் முடிவு பிழைபடலாம்.

காலரா ஐயம் உள்ளவிடத்துக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் மாதிரியைச் சில மணிநேரம் வளர்த்து, பின்னர் டி.சி.பி.எஸ். அகாரில் பரப்புவர். விப்ரியோ காலரே அங்கு மஞ்சள் நிறக் காலனிகளாக வளரும். வேறு சில விப்ரியோக்களும் மஞ்சளாக வளர்வதால், உயிர்வேதிச் சோதனைகளும் எதிர்ச்சீரச் சோதனையும் தொடர்ந்து செய்யப்படுகின்றன. எதிர்ச்சீரத்துடன் கலக்கும்போது பாக்டீரியங்கள் திரள்வது, குறிப்பிட்ட ஓ ஆன்டிஜென் அவற்றின் மேல் உள்ளது என்பதற்குச் சான்றாகும்.

1992ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

கிராம் தம் முறையை வெளியிட்ட அதே 1884ஆம் ஆண்டில், ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராவின் வளைந்த கோலைத் தனித்து வளர்த்தார். இந்நோயின் வயிற்றுப்போக்கு எவ்வாறு உண்டாகிறது என்பதை அதே நகரின் சம்பு நாத் தே 1959இல் காட்டினார். பாக்டீரியம் முற்றும் நீக்கப்பட்ட வளர்ப்புநீரை அவர் முயலின் கட்டப்பட்ட குடற்பகுதியில் செலுத்த, அங்கே நீர் திரண்டது. தீங்கு செய்வது பாக்டீரியம் வெளிவிடும் நச்சுப்பொருளே என்பது இதனால் புலனாயிற்று.

காலராக் கொள்ளைநோயைப் பரப்புவது ஓ1 வகை ஒன்றே எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளாத விப்ரியோக்கள் ஆங்காங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தருவனவேயன்றி, பெருநோயாய்ப் பரவமாட்டா எனவும் கொள்ளப்பட்டது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையிலும், பின்னர்க் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் காலரா பரவியபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியம் ஏனைய சோதனைகளில் விப்ரியோ காலரே எனவே விடையளித்தது. காலரா நச்சுப்பொருளையும் வெளியிட்டது. ஆயினும் ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளவில்லை. அதுவரை அறியப்பட்ட 138 ஓ வகைகளுள் எதனோடும் பொருந்தாமையால் அது ஓ139 எனப்பட்டது. முன்னர்க் காலரா கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் இதற்கு இரையாயினர்.

எல் டோர் வகை விப்ரியோவின் புறச்சர்க்கரைத் தொடரை ஆக்கும் மரபணுக்கள் மாறியமைந்ததே இப்புதுவகை என்பதைப் பின்னர் மரபணு ஆய்வு காட்டிற்று. மாறியது சுவரின் மேற்பகுதி மட்டுமே. சாயத்திலும் காலனியின் நிறத்திலும் மாற்றம் யாதும் இல்லை. எதிர்ச்சீரத்தில் திரளவில்லை என்பதனால் 'காலரா அன்று' என எழுதி மாதிரியை ஒதுக்கியிருப்பின், நோய்ப்பரவல் அறியப்படாமலே பெருகியிருக்கும். காலரா நோயாளி தக்க நீரேற்றம் பெறாவிடின் சில மணிநேரத்திலேயே இறக்கக்கூடும். ஆதலின் ஆய்வுக்கூடத்தின் ஒரு வரிக் குறிப்பும் உயிர்களைப் பொறுத்ததாகும். பிற்காலத்தில் ஓ139 குறைந்து, ஓ1 மீண்டும் மேலோங்கிற்று.

கள ஊழியர் கருதத்தக்கவை

ஆய்வுக்கூடத்தின் முடிவு களத்தில் எடுக்கப்படும் மாதிரியைப் பொறுத்தது. மல மாதிரியை, சிகிச்சை தாமதமாகாதவாறு, ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்குமுன் எடுத்தல் நலம். உடனே ஆய்வுக்கூடம் சேர்க்க இயலாவிடின், கேரி-பிளேர் ஊடகத்தில் இட்டு அனுப்புக. அதுவும் கிடைக்காவிடின், நீர்த்த மலத்தில் நனைத்த உறிஞ்சுதாள் துண்டைச் சில துளி உப்புநீருடன் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு அனுப்பலாம். விப்ரியோ உலர்ந்தால் விரைவில் மடியும். நாள், ஊர், நோயாளியின் வயது, கொடுக்கப்பட்ட மருந்து ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும்.

வகுப்பறைக்கு

நோய்க்கிருமிகளைப் பள்ளியில் வளர்த்தல் கூடாது. தயிரின் மென்பூச்சையும் பல்லின் அழுக்கையும் தனித்தனித் தகட்டில் சாயமேற்றினால் போதும். தயிரில் ஊதா நிறப் பாக்டீரியங்களும், பல்லழுக்கில் இரு நிறத்தனவும் காணப்படும். பூச்சு தடித்திருப்பின் சிவக்க வேண்டியவை ஊதாவாகத் தோன்றும். ஆல்கஹால் மிகுந்தாலும், வளர்ப்பு பழையதாயினும் ஊதாவாக வேண்டியவை சிவக்கும். மாணவர் இப்பிழைகளை வேண்டுமென்றே செய்து பார்ப்பது நற்பயிற்சியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஆல்கஹாலால் கழுவும் படியை விட்டுவிட்டால் தகட்டில் என்ன காணப்படும்? ஏன்?
2. சாயமுறையால் மட்டும் டைபாய்டுப் பாக்டீரியத்தைக் கண்டறிய இயலாமைக்குக் காரணம் யாது?
3. முன்னர்க் காலரா கண்டவர்களை ஓ139 பற்றியது எதனால்?
4. ஒரு மாதிரி ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளவில்லை எனில், அதிலிருந்து துணிந்து கூறத்தக்கது யாது? கூறத்தகாதது யாது?