நாய்க்கடி நட்டஈடு: பல்லுக்குப் பத்தாயிரமா?

திருகோணமலையின் கப்பல்துறையில் ஒருவரை நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி முடிக்கும் முன்பே நட்டஈட்டுக் கணக்கு ஒழுங்கை முழுக்கப் பேசப்பட்டுவிடும். பல் பதிந்த இடமொன்றுக்குப் பத்தாயிரம் என்பார் ஒருவர். ஆஸ்பத்திரிச் செலவை மூன்றால் பெருக்கிக் கேட்கவேண்டும் என்பார் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி சும்மாதானே போடுகிறார்கள், இதில் நட்டம் எங்கே வந்தது என்பார் நாய்க்காரர். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். காயத்துக்கு எங்கோ ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இலங்கைச் சட்டத்தில் அப்படிப் பட்டியல் கிடையாது. கடிபட்டவர் எதை இழந்தார் என்று காட்டுகிறாரோ அதிலிருந்துதான் தொகை பிறக்கிறது.

பல்லுக்குப் பத்தாயிரம் என்பது வெறும் கட்டுக்கதையில்லை. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 193 மனுக்களை ஒன்றாகக் கேட்டுக் கொடுத்த தீர்ப்பில் அது இருக்கிறது. ஒரு பல் தடத்துக்கு ஆகக் குறைந்தது 10,000 இந்திய ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்கு ஆகக் குறைந்தது 20,000. தெருவில் திரியும் விலங்குகளால் வரும் பாதிப்புக்கு மாநில அரசே முதலில் கொடுக்கவேண்டும், மாவட்டந்தோறும் ஒரு குழு நான்கு மாதத்துக்குள் தொகையைத் தீர்மானிக்கவேண்டும் என்பதும் அதே தீர்ப்புத்தான். அந்த அளவுகோல் பஞ்சாப், ஹரியானா, சண்டிகார் எல்லையோடு நிற்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களையே கட்டுப்படுத்தாத ஒன்று பாக்கு நீரிணையைத் தாண்டித் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்துவிடாது. தவிர, அது அரசு கொடுக்கும் நிவாரணத்துக்கான அளவு. அயல்வீட்டு நாய்க்காரர்மீது போடும் வழக்கின் கணக்கு வேறு.

பெருக்கல் கதை இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களோடு பேரம் பேசும்போது, மருத்துவச் செலவை ஒன்றரையிலிருந்து ஐந்து வரையான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிப் பார்ப்பது ஒரு வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, பேரத்தைத் தொடங்க அது ஒரு வழி, அவ்வளவுதான். அங்கே ஒரு கடிக்கான ஆஸ்பத்திரி பில்லே மலைக்க வைக்கும். நாய் வளர்ப்பவரின் வீட்டுக் காப்புறுதியும் பணம் கட்டும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்குப் பில் இல்லை. பூச்சியத்தை மூன்றால் பெருக்கினாலும் முப்பதால் பெருக்கினாலும் பூச்சியந்தான். இந்தச் சூத்திரத்தை இங்கே நம்புகிறவர் தன்னையறியாமல் நாய்க்காரரின் வாதத்தையே எடுத்துக் கொடுக்கிறார்.

அந்த வாதத்துக்குப் பதில் எளிது. இலவசமாகக் கிடைத்தது மருந்து மட்டுமே. சீனன்குடாப் பக்கம் நாட்சம்பளத்துக்குப் போகும் ஒருவரின் கெண்டைக்காலில் கடி என்று வைத்துக்கொள்வோம். நாட்கூலி 3,000 ரூபாய், நடக்க முடியாமல் 10 நாள் வேலையில்லை என்றால் 30,000 போய்விட்டது. ஊசி ஒரே நாளில் முடிகிற காரியமுமில்லை. மாதத்துக்குள் நாலைந்து தரம் போய்வர வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் முதல் நாளில் இம்யூனோகுளோபுலினும் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தரமும் பஸ் அல்லது ஆட்டோக் காசு, கூடப் போனவரின் அரை நாள் கூலி, வெளியே வாங்கிய மருந்து. இதெல்லாம் எண்ணிக் காட்டக்கூடிய இழப்பு. இதற்கு வெளியே நோவு, பயம், தழும்பு என்பவற்றுக்குத் தனியாகக் கேட்கலாம்; அந்தத் தொகை நீதிபதியின் மதிப்பீடு. எண்ணக்கூடிய பகுதி பற்றுச்சீட்டோடும், கூலி கொடுத்தவரின் கடிதத்தோடும், திகதி விழுந்த கிளினிக் துண்டோடும் நேராக நின்றால் மற்றதைப் பற்றிய பேச்சுக்கும் பெறுமதி வரும். கடிபட்ட அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, காயத்தைப் படமெடுத்து வைத்தவருக்கும், மூன்று மாதம் கழித்து வாயால் மட்டும் சொல்பவருக்கும் ஒரே காயத்துக்கு ஒரே தொகை கிடைக்காது. அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் நீதிபதி பார்ப்பது காயத்தையல்ல, காயத்தைப் பற்றிய சான்றை.

அடுத்த நம்பிக்கை நாய்க்காரர் பக்கத்தது. ‘என் நாய் இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை, கட்டித்தான் வைத்திருந்தேன், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால் நான் என்ன செய்ய’ என்பது. இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது. வீட்டு விலங்கு தன் இனத்தின் அடக்கமான இயல்பை மீறி ஒருவரைக் காயப்படுத்தினால், உரிமையாளரின் பிழையைக் காட்டாமலே அவரைப் பொறுப்பாக்கும் பழைய வழக்குரிமை ஒன்று அந்த மரபில் உண்டு. அதே மரபிலுள்ள தென்னாபிரிக்காவின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இதை மறுபடி உறுதிசெய்தது. வீதியில் நடந்துபோன ஒருவர் மூன்று நாய்களின் தாக்குதலில் இடது கையையே இழந்தார். யாரோ அந்நியன் படலையின் பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் வெளியேறின என்று வாதிட்டும் உரிமையாளர் தப்பவில்லை. அந்தத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இங்கே வழக்கை அந்தப் பழைய உரிமையில் மட்டும் தொங்கவிடாமல், உக்கிய சங்கிலி, தாழில்லாத படலை, முன்பே அயலவர் சொன்ன முறைப்பாடு என்று கவனக்குறைவையும் சேர்த்துக் காட்டுவதே புத்தி. ‘நாய் கவனம்’ பலகையும் முழுக் கவசமில்லை. உள்ளே வருபவருக்கு அது எச்சரிக்கை. வீதியில் போகிறவருக்கு அதனால் என்ன? நாய் கடிக்கும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்றாகவும் திரும்பலாம்.

கடித்தது தெருநாய் என்றால் நிலைமை மோசம். அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இன்னும் இருந்தாலும், பஞ்சாபில் போல அரசிடம் விண்ணப்பித்துப் பெறும் திட்டமில்லை. உள்ளூராட்சிச் சபைமீது வழக்கு என்றால் முன்னறிவித்தலும் குறுகிய காலக்கெடுவும் உண்டு, சபை எங்கே தவறியது என்றும் நிரூபிக்கவேண்டும். ஆனால் தினமும் ஒரு வளவில் சோறு தின்று, அந்தப் படலையடியில் படுத்து, அந்த வீட்டார் கூப்பிட்டால் ஓடிவருகிற நாயைக் கடித்த பிறகு மட்டும் ‘தெருநாய்’ என்று சொல்வதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. தடுப்பூசி அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விவாதம் முடியும்.

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அயலவரை நாய்க்காகக் கோட்டுக்கு இழுத்தால் பிறகு கிணற்றடியில் முகம் பார்க்க முடியுமா? இழுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குச் சிறிய பெறுமதியுள்ள பிணக்குகள் முதலில் போயே ஆகவேண்டும். இந்தக் கூலியும் பஸ் காசும் அங்கே ஒரு மேசையில் பேசி, தவணையாகக் கொடுக்கவும் இணங்கலாம். ‘நாயைச் சீண்டியது இவரே’ என்ற பதிலும் அங்கே வரும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, கடிபட்டவரின் பங்குப் பிழை கோரிக்கையை முழுதாக அழிக்காது, தொகையை மட்டும் அதற்கேற்பக் குறைக்கும்.

அவசரம்தான் கடைசி ஆபத்து. கடித்த நாயை இங்கே 14 நாள் அவதானிப்பில் வைக்கச் சொல்வார்கள். அது முடிவதற்குள் ஐயாயிரத்தைக் கையில் வைத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிவிடுவதும் நடக்கிறது. முகத்திலோ கையிலோ விழுந்த தழும்பு எப்படி ஆறும் என்று தெரிய மாதக்கணக்கு ஆகும்; விரல் மடங்காமல் போவதும் பிறகே தெரியும். காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் தொடுத்தால் போதும். அதற்குள் இணங்குவதானாலும், பின்னால் வரும் சிகிச்சைச் செலவு தனி என்ற ஒரு வரியை உடன்பாட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.