மறந்துபோகும் சில்லுகள்

கேள்வி: வெளிவராத பழைய வீடியோ கேம் மாதிரிகளில் தரவு கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், வெள்ளிமலை, கல்வராயன்மலை

பதில்: பெரும்பாலும் முடியும், பொறுமை வேண்டும். கடையில் விற்ற கேசட்டில் நிரல் ஆலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. மாதிரிகளோ கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சில்லுகளில் எழுதப்பட்டவை. அதில் சேமித்த மின்னூட்டம் வருடக்கணக்கில் கசியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அழிவு இன்னும் விரைவு.

நல்லவேளை, கசிவுக்குத் திசை உண்டு: 0 என்பது 1 ஆகும். நின்டெண்டோவின் 8 பிட் கேமில் 20 என்ற பதினாறடிமானக் கட்டளை துணைநிரலை அழைக்கும். ஒரே ஒரு பிட் மாறினால் அது 60. அதாவது 'திரும்பிப் போ'. ஆட்டம் அங்கேயே குழம்பும். திசை தெரிவதால், பிழை எந்த எண்ணிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதற்குமுன் சில்லைப் பலமுறை, வெவ்வேறு மின்னழுத்தத்தில் படித்து ஒப்பிடுவார்கள். வேறு பிரதி இருந்தால் அதனுடனும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏடுகளை ஒப்பிட்டதைப் போன்ற வேலைதான் இது. திருத்தியதைக் குறித்துவைத்து, கெட்ட மூலத்தையும் அப்படியே காப்பதே நேர்மை.

சில்லே இல்லாமலும் மீட்டதுண்டு. கிறிஸ் ஓபர்த் உருவாக்கி வெளிவராமல் போன 'டேஸ் ஆஃப் தண்டர்' கேமை, அவர் விட்டுச்சென்ற ஃப்ளாப்பிகளின் மூலநிரலிலிருந்து அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2020-இல் உயிர்ப்பித்தது.

ஜன்னல் வைத்த சில்லு உங்களிடம் இருந்தால் மேலே ஒட்டிய தாளை உரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், முதலில் நகலெடுக்கச் சொல்லுங்கள்.