ஒலி பெருக்கும் கருவி: அன்றும் இன்றும்

1935ஆம் ஆண்டு பேராசிரியர் எம். வி. கோபாலசாமி மைசூரில் தம் இல்லத்திலேயே ‘ஆகாசவாணி’ வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அந்நாளில் ஒலியைப் பெருக்கியவை கண்ணாடி வால்வுகள். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர், பின்னர் அவ்விடத்தைப் பெற்றது.

பழைய டிரான்சிஸ்டர் பெருக்கியில் மின்னாற்றலின் பெரும்பங்கு வெப்பமாக வீணாகும். அதனைத் தணிக்கவே கனத்த அலுமினியத் தகடுகளைப் பொருத்தினர். இன்றைய ‘டி’ வகைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடும். ஆதலால் 90 விழுக்காடு வரை ஆற்றல் ஸ்பீக்கரைச் சேரும்.

எனினும், பழையதில் மின்தேக்கி உலர்ந்தால் அதனை மட்டும் மாற்றலாம். புதியவை பலவற்றில் முழுப் பலகையையே மாற்ற நேரிடும். சிக்கனத்தில் புதியது வெல்லும். பழுது நீக்குவதில் பழையது வெல்லும்.

சொற்பொருள்: விழுக்காடு – சதவீதம்.

சிந்தனை வினா: வீட்டிலுள்ள பழைய பெருக்கியை எறியலாமா? காரணம் காட்டி எழுதுக.