மாரடைப்பு: காலத்தே அறிதல்

இருதயத் தசைக்கு இரத்தம் கொணரும் குழாய்களுள் ஒன்று இரத்தக்கட்டியால் அடைபடின், அதனை நம்பிய தசை அரைமணி அளவிலேயே மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

நடுமார்பில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன இதன் குறிகள். நீரிழிவு உடையோர்க்கு மூச்சுத்திணறல் மட்டுமே தோன்றுதலும் உண்டு. இதனை வாயுவென்று எண்ணி, பாவு முடியட்டும், வயலுக்குத் தண்ணீர் பாயட்டும் என்று நாம் காத்திருத்தல் ஆகாது. உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. படமும், ட்ரோபோனின் என்னும் இரத்தச் சோதனையும் நோயைத் தெளிவாக்கும். முதற்படத்தில் குறை காணாவிடினும், வலி நீடிப்பின் மறுபடம் எடுப்பர். குழாய் முற்றும் அடைபட்டிருப்பின், 12 மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியிடுவர், அல்லது பலூனால் குழாயைத் திறப்பர். முந்தி வருவோர்க்கே பயன் மிகுதி. இதனை அங்கத்தினர் யாவரும் தம் வீட்டார்க்கும் உரைப்பாராக.